நடந்து வருகிறவர்களிடம் சொல்வார்கள்

ஜெய் ஜகத் யாத்திரையில் சம்பல் பகுதியில் கொஞ்ச தூரம் நானும் நடந்தேன் என்று சொன்னால், எல்லோரும் முதலில் காலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கொப்புளம் வந்ததா, என்ன ஷூ போட்டீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று. பிறகு இன்னொரு கேள்வி வரும். என் மனம் நோகக் கூடாதே என்று கொஞ்சம் தயங்கித்தான் கேட்பார்கள்: "நடந்தா சமாதானம் வந்துடுமாக்கா?" நின்ற இடத்தில் இரண்டு வரியில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யாத்திரை என்ன என்பது. 2019 அக்டோபர் 2, காந்தியின் 150-ஆவது பிறந்தநாள். அன்று தில்லி ராஜ்காட்டில் இருந்து சுமார் ஐம்பது பேர் ஜெனீவாவை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஒரு வருடம், பத்து நாடுகள், அடுத்த அக்டோபர் 2-இல் ஐ.நா. அலுவலக வாசல். இதுதான் திட்டம். முன்னின்று நடத்தியவர் நில உரிமை அமைப்பான ஏக்தா பரிஷத்தின் பி.வி. ராஜகோபால். கேரளத்தின் கண்ணூர்ப் பக்கத்துக்காரர். வாலிப வயதிலேயே வடக்கே போய் நிலமற்றவர்களோடும் பழங்குடி மக்களோடும் வேலை செய்து அங்கேயே தங்கிவிட்டவர். வறுமை ஒழிய வேண்டும், யாரையும் ஒதுக்கி வைக்கக் கூடாது, பூசல்களை வன்முறை இல்லாமல் தீர்க்க வேண்டும், பருவநிலைச் சீர்கேட்டைத் தடுக்க வேண்டும். யாத்திரையின் பேச்சு இந்த நான்கைச் சுற்றித்தான் இருந்தது. ஆக்ரா, தோல்பூர், மொரீனா, குவாலியர் என்று இறங்கி மத்தியப் பிரதேசத்தைக் கடந்து சேவாகிராமம் வரை இந்தியப் பகுதி. முழுவதும் நடப்பவர்கள் அந்த ஐம்பது பேர்தான். வழியில் சேர்ந்து, முடிந்த மட்டும் நடந்து, பிரிந்து போகிறவர்கள் ஏராளம். நான் இரண்டாவது வகை.

காலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். சராசரியாக நாளுக்கு இருபது கிலோமீட்டர். விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதியைக் கடந்துவிட வேண்டும். புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவர்கள்தான் முதலில் நொண்டினார்கள். பல மாதம் காலில் கிடந்து பழகிய ஷூ, இரண்டு அடுக்குச் சாக்ஸ், படுக்கும் முன் பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய். இவ்வளவு போதும். கொப்புளம் வந்தால் மட்டும் பிய்க்கக் கூடாது. கூட நடந்த சத்தீஸ்கர் அண்ணன் ஒருவர் ஊசியில் நூல் கோத்து, ஊசி முனையைத் தீக்குச்சியில் வாட்டி, கொப்புளத்தின் ஒரு ஓரத்தில் குத்தி மறு ஓரத்தில் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு நறுக்கிவிடுவார். ராத்திரி முழுக்க நூல் வழியே நீர் கசிந்து வடிந்துவிடும். மேல்தோல் பிரியாமல் அப்படியே ஒட்டிக்கொள்ளும், காலையில் நடக்கலாம். டாக்டர்கள் நூலை உள்ளே விடுவதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கிருமி ஏறும் என்பார்கள். அங்கே பத்துப் பேர் வரிசையில் உட்கார்ந்து அவரிடம் காலை நீட்டினோம்.

எவ்வளவோ ஊர் இருக்க, ஏன் சம்பலைத் தேர்ந்தெடுத்தேன்? வினோபா பாவே 1956, 57-இல் நிலத் தானம் கேட்டுத் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்தபோது சாலையோரம் நின்று பார்த்தவர் என் அப்பா. சின்னப் பையன். கோவணத்துணி கட்டிய ஒல்லி மனுஷர் வேகமாக நடந்து போனார், பின்னால் எல்லோரும் ஓடினார்கள் என்பதுதான் அவருக்கு நினைவு. அப்பா அதற்குப் பிறகு வினோபா பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தார். சம்பல் கொள்ளையர்கள் அவர் காலடியில் துப்பாக்கியை வைத்த கதையை எங்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். அந்த மண்ணைக் கால் படப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தோல்பூர் தாண்டியதும் சம்பல் ஆறு வந்துவிடுகிறது. வடகரை ராஜஸ்தான், தென்கரை மத்தியப் பிரதேசம். பாலத்தில் காரில் போகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று, நடக்கிறவர்களுக்குத் தெரியும்: லாரி ஒன்று ஏறினால் பாலம் முழுக்க அதிர்கிறது. உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரை வருகிறது அந்த அதிர்வு. கீழே தண்ணீர் அத்தனை தெளிவு. நடுவில் வெள்ளை மணல் திட்டுகள். நீண்ட மூக்குள்ள கரியால் முதலைகள் வாழும் சரணாலயம் அது, மணல் அள்ளத் தடை. ஆனால் விடியற்காலையில் எங்களைக் கடந்து போன டிராக்டர்களில் ஈர மணலில் இருந்து தண்ணீர் சொட்டிச் சாலையில் கோடு போட்டுக்கொண்டே போனது. காவிரிக்கரைக்காரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2012 மார்ச்சில் இதே மொரீனா மாவட்டத்தில், திருட்டுத்தனமாகக் கல் ஏற்றி வந்த டிராக்டரை மறித்த நரேந்திர குமார் என்ற இளம் ஐ.பி.எஸ். அதிகாரி அந்த டிராக்டர் ஏறியே இறந்தார். துப்பாக்கிக் காலம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் செய்திதான் ஞாபகம் வரும்.

ஆற்றைத் தாண்டினால் பள்ளத்தாக்குகள். படத்தில் பார்த்திருப்பீர்கள். மழை அரித்து அரித்துப் பூமி மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடக்கிறது. ஓர் ஆள் உயரமும் உண்டு, தென்னை உயரமும் உண்டு. உள்ளே போனவன் பத்து அடியில் மறைந்துவிடுவான். ஒளிந்துகொள்ள வசதி, அதனால் கொள்ளையர்கள் பெருகினார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடந்தபோது உள்ளூர்க்காரர்கள் வேறொன்றைக் காட்டினார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பள்ளம் வயலுக்குள் கொஞ்சம் நகர்கிறது. பயிர் வைக்கும் நிலம் சுருங்குகிறது. மிச்சம் இருக்கும் நிலத்துக்கு அண்ணன் தம்பி சண்டை, பங்காளிச் சண்டை, வரப்புச் சண்டை. தாசில்தார் ஆபீசுக்கு அலைந்து பலிக்காதவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அதே பள்ளத்துக்குள் இறங்கினான். பான் சிங் தோமரை நினைத்துப் பாருங்கள், இர்ஃபான் கான் நடித்த படம் வந்ததே. ராணுவ வீரர், ஸ்டீப்பிள்சேஸ் ஓட்டத்தில் ஏழு முறை தேசிய சாம்பியன், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்காக ஓடியவர். ஊருக்குத் திரும்பி நிலத்தகராறில் சிக்கி, கடைசியில் 1981-இல் போலீஸ் சுட்டு இறந்தார். அவர் ஊரும் இந்த மொரீனா மாவட்டம்தான்.

மொரீனா போகும் வழியில் ஒரு கிராமத்தில் டீ கொடுத்தார்கள். டீ ஊற்றிய மனிதருக்கு அறுபது வயது இருக்கும், முறுக்கு மீசை, தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி. லைசென்ஸ் துப்பாக்கிதான், அந்தப் பக்கம் ஆண்கள் அதை மாட்டிக்கொண்டு பைக்கில் போவது சகஜம். குனிந்து ஊற்றும்போதெல்லாம் துப்பாக்கி முன்னால் சரியும், முழங்கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு அடுத்த டம்ளருக்குப் போவார். அவருடைய பெரிய தாத்தா பாகியாகப் போனவராம். அங்கே கொள்ளையரைப் பாகி என்பார்கள், கிளர்ச்சி செய்தவர் என்ற பொருளில். "எங்க பெரியவர் ஒரு துண்டு நிலத்துக்காக மூணு பேரைச் சுட்டார். அந்த நிலம் இப்ப யாருக்கும் இல்லை, பள்ளத்துல போயிடுச்சு" என்றார். எங்கள் பக்கத்தில் மா என்பதுபோல அங்கே பீகா என்ற கணக்கு. ஒரு பீகாவுக்குக் கீழான நிலத்தைத்தான் அவர் அப்படிச் சொன்னார். கூட வந்த கேரளத் தம்பி மொழிபெயர்த்து முடிக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அடுத்த ஆளுக்கு டீ ஊற்றப் போனார்.

இந்தக் கதையை ஏன் முன்பின் தெரியாத எங்களிடம் சொன்னார்? நான் இதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். நான் மைக்கோ கேமராவோ கொண்டு போகவில்லை. போன உடனே தண்ணீர் கேட்டேன், உட்கார இடம் கேட்டேன், கழிப்பறை எங்கே என்று அவர் வீட்டுப் பெண்களிடம் கேட்டேன். காரில் வந்து இறங்குகிறவர் கேட்க வருகிறார் என்றாலும் திரும்பிப் போக வண்டி வாசலில் நிற்கும். நடந்து வருகிறவருக்கு அந்த ஊர்தான் சோறு போட வேண்டும், அந்த ஊர்தான் படுக்க இடம் தர வேண்டும். கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள் அவர்கள், வாங்கும் நிலையில் நாம். அப்போது பேச்சு வருகிறது. வேறு எப்படியும் அந்தப் பேச்சு வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1960-இல் கொள்ளையர்கள் வினோபாவிடம் துப்பாக்கியை வைத்ததும் அப்படித்தான். கொள்ளையர் தலைவன் மான் சிங் 1955-இல் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டான். அவன் மகன் தஹசில்தார் சிங் தூக்குத் தண்டனை பெற்று நைனி சிறையில் இருந்தபடி வினோபாவுக்குக் கடிதம் எழுதினான். மேஜர் ஜெனரல் யதுநாத் சிங் பள்ளத்தாக்குக்குள் போய்ப் பேசினார். வினோபா தன் வழக்கப்படி நடந்தே வந்தார், போலீஸ் காவல் வைத்துக்கொள்ளவில்லை. மே மாதம், அந்த ஊர் வெயிலில். இருபது பேர் வந்து ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து இன்னும் பெரிய அளவில் நடந்தது. மாதோ சிங் என்ற தலைவன் காண்டிராக்டர் வேஷத்தில் பாட்னாவுக்கே போய் ஜெயப்பிரகாஷ் நாராயணனைச் சந்தித்தான். 1972 ஏப்ரலில் ஜௌராவில் காந்தி படத்தின் முன் துப்பாக்கிகள் குவிந்தன. தொடர்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் சரணடைந்தார்கள். தூக்கு கிடையாது என்பது உடன்பாடு. சிறை உண்டு, பலர் முங்காவலி திறந்தவெளிச் சிறையில் இருந்தார்கள்.

மொரீனாவில் ஒரு பகல் கிடைத்தபோது தனியாக ஜௌரா போய் வந்தேன். அங்கே இருக்கும் காந்தி சேவா ஆசிரமத்தை 1970-இல் தொடங்கியவர் எஸ்.என். சுப்பாராவ். பெங்களூரில் பிறந்தவர், இனிஷியலில் உள்ள 'எஸ்' நம் சேலம். அரைக்கால் சட்டையும் கதர்ச் சட்டையுமாகவே வாழ்ந்து 2021-இல் காலமானார். இளைஞராக ராஜகோபால் வேலை கற்றுக்கொண்டதும் இந்த ஆசிரமத்தில்தான். வளாகம் சாதாரணமாக இருக்கிறது. மரங்கள், நூற்புக் கூடம், அந்தக் காலக் கருப்பு வெள்ளைப் புகைப்படங்கள்.

அந்தப் படங்களின் முன் நின்றபோது எனக்கு முழு நிம்மதி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படத்தில் துப்பாக்கி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கழுத்தில் மாலை இருக்கிறது. அவர்களால் புருஷனை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எங்கே? 1960-இலேயே போலீஸ் தரப்பு இதைக் கடுமையாகக் கேட்டது. கொலைகாரர்களை வீரர்கள் ஆக்குகிறீர்கள் என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், சுட்டுக்கொண்டே இருந்திருந்தால் அந்த விதவைகளின் எண்ணிக்கை ஏறியிருக்கும், குறைந்திருக்காது. மனம் ஆறாவிட்டாலும் துப்பாக்கி கீழே இறங்குவது பெரிய காரியம் என்ற பக்கம்தான் நான்.

வரிசையில் நடப்பதைப் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். இரண்டு இரண்டு பேராக, சாலையின் ஓரத்தை ஒட்டி நடப்போம். நான் இருந்த நாட்களில் மெதுவாக நடப்பவர்களை முன்னால் விட்டார்கள். முதல் நாள் எனக்குப் பொறுக்கவில்லை, கால் பரபரத்தது. பிறகு பிடிபட்டது. வேகக்காரர்களை முன்னால் விட்டால் ஒரு மணி நேரத்தில் வரிசை இரண்டு கிலோமீட்டருக்கு நீண்டுவிடும். பின்னால் வருகிறவர் தனியாள் ஆகிவிடுவார், லாரி ஓடும் நெடுஞ்சாலையில் அது ஆபத்து. முன்னால் நடந்த அந்த அம்மா ஷியோப்பூர்ப் பக்கத்து சஹாரியா பழங்குடிப் பெண். ரப்பர் செருப்பு, காலில் தடிமனான வெள்ளித் தண்டை. அவர் நடையை மீறி யாரும் போக முடியாது, எங்களோடு நடந்த பிரெஞ்சுக்காரப் பையன் உட்பட.

அவருக்கு இது முதல் யாத்திரை இல்லை. 2007-இல் ஜனாதேஷ் என்று குவாலியரில் இருந்து தில்லிக்கு இருபத்தையாயிரம் பேர் நடந்தார்களே, அதில் வந்தவர். அதற்காக வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி தானியமும் ஒரு ரூபாயும் எடுத்து வைத்தார்களாம். "பசி இருந்த வீட்லயும் வெச்சோம். வெச்சதனாலதான் போகணும்னு தோணுச்சு" என்றார். 2012-இலும் நடந்திருக்கிறார். அந்த முறை ஐம்பதாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம்; ஆக்ரா வந்தபோது மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வந்து பத்து அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், அங்கேயே யாத்திரை முடிந்தது.

ஓய்வு நேரத்தில் அந்த அம்மா இடுப்புச் சுருக்கில் இருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். நாலாக மடித்த காகிதம், மடிப்புகளில் பிய்ந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. வன உரிமைச் சட்டத்தில் போட்ட மனு நிராகரிக்கப்பட்ட கடிதம். 2006-இல் வந்த சட்டம் அது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தை உழுது வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை தரச் சொல்கிறது. கடிதத்தில் காரணம் ஒரே வரி: ஆதாரம் போதாது. யாத்திரை தொடங்கிய 2019-இன் பிப்ரவரியில்தான் நிராகரிக்கப்பட்டவர்களை எல்லாம் வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணை போட்டு, இரண்டு வாரத்தில் தானே அதை நிறுத்தியும் வைத்திருந்தது. நிறுத்தி வைத்த செய்தி அவருக்கு யாரோ சொல்லித் தெரியும். ஆனால் வனத்துறை ஜீப் சத்தம் கேட்டால் இன்னும் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து நிற்பதாகச் சொன்னார்.

சமாதானம் என்ற சொல்லை மேடையில் கேட்கும்போது எனக்கு நாடுகளும் எல்லைகளும்தான் கண்ணில் வரும். அந்த அம்மாவின் அடுப்பு அதில் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. கீழத்தஞ்சைப் பெண்ணான எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டிய விஷயம். 1968 கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அங்கே வந்து தங்கினார்கள். 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலச்சுவான்தார்களிடம் பேசிப் பேசி, நிலத்தை விலைக்கு வாங்கிப் பெண்கள் பெயரில் பட்டா வாங்கிக் கொடுத்தார்கள். இருவரும் வினோபாவோடு நடந்தவர்கள். நடந்ததோடு நிறுத்தாமல், முடிந்த பிறகும் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவர்கள்.

அதனால், நடந்தால் சமாதானம் வந்துவிடுமா என்று கேட்கிறவர்களுக்குக் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். 2007 யாத்திரைக்குப் பிறகு பிரதமர் தலைமையில் தேசிய நிலச் சீர்திருத்தக் குழுமம் அமைந்தது. காகிதத்தில் அமைந்தது, அதற்கு மேல் அதிகம் நகரவில்லை. 2012 ஒப்பந்தப்படி நிலச் சீர்திருத்தக் கொள்கைக்கு வரைவு வந்தது, வரைவாகவே நின்றது. வினோபாவுக்குத் தானமாகக் கிடைத்த நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கரில் கணிசமான பகுதி பாறையும் வழக்குமாகவே கிடந்தது. இவ்வளவும் தெரிந்துதான் அந்த அம்மா மூன்றாவது முறையாக நடந்தார். ஏன் என்று கேட்டேன். "உட்கார்ந்திருந்தா கேட்க யார் வரா?" என்றார்.

2020 மார்ச்சில் யாத்திரைக் குழு ஆர்மீனியாவில் இருந்தபோது கொரோனா வந்து எல்லைகள் மூடின. ஜெனீவாவுக்கு இன்னும் வெகு தூரம் இருக்க, நடை அங்கேயே நின்றது. நான் ஊருக்குத் திரும்பி மாதங்கள் ஆகியிருந்தன. அதே மார்ச் கடைசியில் தொலைக்காட்சியில் நாங்கள் நடந்த சாலையைப் பார்த்தேன். தில்லியில் இருந்து ஆக்ரா, தோல்பூர், மொரீனா. ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், மூட்டையும் பிள்ளைகளுமாக. எங்களைப் பாட்டுப் பாடியும் மாலை போட்டும் வரவேற்ற சாலை அது. இவர்களை வரவேற்கப் பந்தல் இல்லை, போலீஸ் தடி இருந்தது. தில்லியில் இருந்து மொரீனா மாவட்டத்துக்கு நடந்து வந்த ஒரு தொழிலாளி ஆக்ராவிலேயே சுருண்டு விழுந்து இறந்தார். நாங்கள் கொப்புளத்துக்கு நூல் கோத்துக்கொண்ட அதே தூரம். அந்த மனிதருக்குச் சொந்த ஊரில் பிழைக்க வழி இருந்திருந்தால் அந்தச் சாலையில் அவர் இருந்திருக்கவே மாட்டார். யாத்திரை ஜெனீவா வரை கொண்டுபோய்ச் சொல்ல நினைத்ததும் இதைத்தான்.

ஊரடங்கில் ஏக்தா பரிஷத் தோழர்கள் அந்தச் சாலைகளில் சாப்பாடு கொடுக்கும் வேலையில் இருந்தார்கள். கேரளத் தம்பியிடம் போனில் பேசும்போது நான் அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டேன். கிராம சபையைக் கூட்டி, ஊர்ப் பெரியவர்கள் இருவரின் வாக்குமூலத்தையும் பழைய கிணறு, நடுகல் இருக்கும் இடத்தின் வரைபடத்தையும் சேர்த்து மறுபடி மனு போட்டிருக்கிறார்களாம். கோட்ட அளவுக் கமிட்டி தாண்டி, மாவட்டக் கமிட்டிக்குப் போயிருக்கிறது என்றார். அங்கே கலெக்டர் கையெழுத்துப் போட வேண்டும்.